நெடுந்தீவுக்கு ஒரு நாள் டிரிப்: படகில் முதல் இடம் யாருக்கு?

'நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்த ராமேஸ்வரம் மீனவர்கள் கைது.' இந்தத் தலைப்பைப் படிக்காத தமிழ்நாட்டு வாசகர் இருக்க முடியாது. ஆனால், அந்த நெடுந்தீவு எங்கே இருக்கிறது, அங்கே யார் வாழ்கிறார்கள் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. செய்தியில் அது கடலில் ஒரு எல்லைக்கல் மாதிரிதான் வந்து போகிறது.

இப்போது அந்த ஊர் வேறொரு வழியில் போனுக்குள் வந்திருக்கிறது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். திருச்சியிலிருந்தும் 2025-ல் விமானம் தொடங்கியது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. விளைவு, ஐ.டி. கம்பெனி வாட்ஸ்அப் குரூப்களில் 'லாங் வீக்கெண்ட், யாழ்ப்பாணம்' என்று பிளான் ஓடுகிறது. அதில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: 'சண்டே ஐலேண்ட் டே. நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை கோட்டை. காலைல கிளம்பினா சாயங்காலம் முடிச்சிடலாம்.'

முடிக்க முடியாது. முயற்சி செய்தாலும், அதன் விலையைப் பிளான் போட்டவர்கள் மட்டும் கொடுப்பதில்லை.

குறிகட்டுவான் வரைக்கும் சாலை, அதற்குப் பிறகு கடல்

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் தீவகம் தொடங்கிவிடுகிறது. வேலணை, புங்குடுதீவு எல்லாம் பெயருக்குத்தான் தீவுகள். கடலுக்கு நடுவே போட்ட சாலையில் பஸ்ஸிலேயே போய்விடலாம். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், நடுவில் ஒற்றைச் சாலை. உண்மையில் இந்தப் பயணத்தில் பாதி அழகு அங்கேயே கிடைத்துவிடுகிறது. புங்குடுதீவின் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. நகரத்திலிருந்து 30 கி.மீ.க்கு மேல். பஸ்ஸில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அதற்கு மேல் சாலை கிடையாது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்கிலும் மக்கள் வாழ்கிறார்கள், நான்குக்கும் படகுதான். (டச்சுக்காரர்கள் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ராட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். அதில் டெல்ஃப்ட் அளவுக்கு வேறெதுவும் ஒட்டவில்லை.)

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கண்ணுக்குத் தெரியும் தூரம். படகில் 20 நிமிடத்துக்குள் போய்விடலாம், அடுத்தடுத்து படகுகள் உண்டு. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப பௌத்த விகாரையும் அடுத்தடுத்த இறங்குதுறைகளில் இருப்பதால், ஒரே படகில் வேட்டி கட்டிய தமிழர்களும் வெள்ளை உடுத்திய சிங்களப் பயணிகளும் உட்கார்ந்திருப்பார்கள். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இதுதான் என்று வாதிடுபவர்களும் உண்டு. பௌர்ணமி நாளிலும், ஆனி மாதக் கோயில் திருவிழாவின்போதும் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் அரை நாள் போதும்.

நெடுந்தீவு கதை வேறு. ஒரு மணி நேரம் திறந்த கடல். பஸ் மாதிரி அடிக்கடி படகு கிடையாது. காலையில் சில, பிற்பகலில் சில, அவ்வளவுதான். நயினாதீவு போகிற அதே இறங்குதுறையிலிருந்து கிளம்புவதாலேயே இரண்டையும் ஒரே நாளில் இணைத்துவிடலாம் என்று கூகுள் மேப் பார்ப்பவருக்குத் தோன்றுகிறது. காலைப் படகை விட்டுவிட்டு நயினாதீவு போனால் நெடுந்தீவு போச்சு. நெடுந்தீவு போய்விட்டுத் திரும்பினால் நயினாதீவில் கால் வைக்க மட்டும்தான் நேரம் இருக்கும்.

ஆக, திட்டத்தைக் காலை எத்தனை மணிக்கு எழுவது என்பதிலிருந்து தொடங்கக் கூடாது. நெடுந்தீவிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். அந்த நேரம் இணையத்தில் எங்கேயாவது எழுதியிருக்கும். அதை நம்ப வேண்டாம். பருவத்துக்கும் படகின் உடல்நிலைக்கும் தகுந்தபடி மாறும். முதல் நாள் சாயங்காலம் யாழ்ப்பாண பஸ் நிலையத்திலோ, தங்கும் விடுதியிலோ 'நாளைக்குப் படகு எத்தனை மணிக்கு வெளிக்கிடும்?' என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும். 'வெளிக்கிடும்' என்றால் 'கிளம்பும்'. இந்த ஒரு சொல் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அது டூரிஸ்ட் படகு அல்ல

இங்கேதான் விஷயமே இருக்கிறது. குறிகட்டுவானில் காலையில் நிற்கும் அரசுப் படகைப் பார்த்ததும் 'சூப்பர், ஃப்ரீ ஃபெர்ரி' என்று ரீல்ஸ் போடுகிறார்கள். வடதாரகை, குமுதினி என்ற படகுப் பெயர்கள் நெடுந்தீவுக்காரர்களுக்கு வீட்டு ஆள் பெயர் மாதிரி. அரசுப் படகு நீண்ட காலம் கட்டணம் வாங்காமல் ஓடியதற்குக் காரணம் சுற்றுலாவை வளர்ப்பது அல்ல. அந்த மக்களுக்கு அதுதான் சாலை.

காலையில் குறிகட்டுவானில் ஏறுபவர்கள் யார்? தீவுப் பள்ளிகளுக்குப் போகும் ஆசிரியர்கள், அலுவலகத்துக்குப் போகும் ஊழியர்கள், யாழ்ப்பாணத்தில் வேலை முடித்துத் திரும்பும் தீவு மக்கள், அவர்களின் அரிசி மூட்டை, சிமெண்ட், கேஸ் சிலிண்டர். தீவில் மருத்துவமனை உண்டு. ஆனால் பெரிய சிகிச்சை என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் வர வேண்டும். ஸ்கேன் மாதிரியான பல தேவைகளுக்கும் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பிற்பகலில் நெடுந்தீவிலிருந்து கிளம்பும் படகிலும் இதே கதைதான். பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும் ஆசிரியர் அதைத் தவறவிட்டால் இரவு தீவிலேயே தங்க வேண்டும். ஆறு பேர் கொண்ட சுற்றுலா குழு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டால், படகு கொள்ளளவு முடிந்து கடைசியில் நிறுத்தப்படுவது யார்? இல்லை, யாரையும் நிறுத்தாமல் எல்லாரையும் ஏற்றினால் ஆபத்து யாருக்கு? இரண்டு கேள்விக்கும் பதில் நல்லதாக இல்லை.

அந்தப் படகின் பெயருக்குப் பின்னால் இன்னொரு நினைவும் இருக்கிறது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினி படகில், குழந்தைகள் உட்பட 20-க்கும் மேற்பட்ட பயணிகள் நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் கடற்படையினரைக் குற்றம்சாட்டினார்கள். ஒவ்வொரு ஆண்டும் மே 15-ல் தீவு மக்கள் அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்தப் படகில் செல்ஃபி எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனாலும் பக்கத்து சீட்டில் இருக்கும் பாட்டிக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கலாம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

'டூரிஸ்ட் போகக் கூடாதா?' என்று கேட்கலாம். போக வேண்டும். தீவில் ஆட்டோ ஓட்டுபவர், சைக்கிள் வாடகைக்கு விடுபவர், நண்டுக் குழம்போடு சோறு போடும் சின்னக் கடைக்காரர் எல்லாருக்கும் வெளியாட்கள் வந்தால்தான் காசு. ஆனால் அந்த வருமானத்துக்காக தீவு மக்களின் சீட்டைப் பங்கு போடச் சொல்வது நியாயமில்லை. சுற்றுலாப் பயணிக்குத் தனிப் படகு, நியாயமான கட்டணம், தீவு மக்களுக்கும் தினசரி ஊழியர்களுக்கும் அரசுப் படகில் முன்னுரிமை என்று விதியாகவே போட்டுவிடலாம். விமானத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவருக்குப் படகுக்குக் கொடுக்க முடியாதா என்ன? விதி வரும் வரைக்கும், தனியார் படகு இருந்தால் அதில் ஏறுவதும், அரசுப் படகில்தான் போக வேண்டும் என்றால் கடைசியாக ஏறுவதும் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. வார நாளைவிட சனி, ஞாயிறு பரவாயில்லை. ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் அன்றைக்கு இல்லை.

லைஃப் ஜாக்கெட் என்பது தலையணை அல்ல

பாதுகாப்பு விஷயத்தில் நம் ஆட்களின் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஜாக்கெட் கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் முதுகுக்கு முட்டுக் கொடுப்பார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்க ஒரே பக்கமாகப் பயணிகள் சாய்ந்தது காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. இலங்கையிலேயே 2021 நவம்பரில் கிண்ணியாவில், பாலம் கட்டுமான வேலையால் மாற்றாக ஓட்டப்பட்ட படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்பட பலர் இறந்தார்கள். அது சில நூறு மீட்டர் நீர்தான். ஒரு மணி நேரக் கடலில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஜாக்கெட் இல்லாத படகு, ஏற்கெனவே நிரம்பி வழியும் படகு என்றால் ஏறாமல் விட்டுவிடலாம். ஒரு நாள் வீணானால் வீணாகட்டும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, பலமாக அடிக்கும். குறிகட்டுவான் - நெடுந்தீவு கடலில் படகு ஏறி இறங்கும்போது காலையில் சாப்பிட்ட இட்லி வெளியே வந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றழுத்தத் தாழ்வு என்றால் படகே ஓடாது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பள்ளி விடுமுறை மே மாதம்தானே என்று குடும்பத்தோடு கிளம்புபவர்கள், காலைப் படகிலேயே போய் வருவது நல்லது. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

நாலு மணி நேரத்தில் என்ன பார்க்க முடியும்?

தீவு சுமார் 50 சதுர கி.மீ. நடந்து பார்க்கிற இடம் அல்ல. காலைப் படகில் போய்ப் பிற்பகல் படகில் திரும்பினால் கையில் இருப்பது நான்கு, மிஞ்சிப் போனால் ஐந்து மணி நேரம். இறங்குதுறையிலேயே ஆட்டோக்கள் நிற்கும். ஏறுவதற்கு முன்பே எந்தெந்த இடம், எவ்வளவு பணம், எத்தனை மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும் என்று பேசிவிட வேண்டும்.

ஆட்டோக்காரர்கள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். பவளக்கல்லால் கட்டி இடிந்து கிடக்கும் கோட்டை, புறாக்கூடு, ஒரு ஆளே உள்ளே நிற்கும் அளவு பொந்து கொண்ட ஆப்பிரிக்கப் பெருக்கு மரம், மனிதப் பாதம் போலத் தெரியும் பெரிய சுவடு, வளர்கிறது என்று சொல்லப்படும் கல். பாதத்தையும் கல்லையும் விட்டாலும் நஷ்டமில்லை. அந்த நேரத்தில் வீட்டு வேலிகளைப் பார்க்கலாம். சிமெண்ட் இல்லாமல், பவளக்கற்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஆள் உயரத்துக்குக் கட்டிய மதில்கள், தீவு முழுக்க ஓடுகின்றன. இடையிடையே பனை. யாழ்ப்பாணத்தில்கூட இந்தக் காட்சி கிடைக்காது.

பிறகு குதிரைகள். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்தில் வளர்க்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்டவற்றின் வாரிசுகள், புல்வெளியில் கூட்டமாகத் திரிகின்றன. 2015-ல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் கோடையில் நல்ல தண்ணீர் குதிரைக்கும் கஷ்டம், மனிதருக்கும் கஷ்டம். வறட்சியில் குதிரைகள் செத்த செய்திகளும் வந்திருக்கின்றன. அதனால் இரண்டு வேண்டுகோள். குதிரையைத் துரத்தி வீடியோ எடுக்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரை யாழ்ப்பாணத்திலிருந்தே எடுத்துப் போகலாம். காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். குப்பையும் படகில்தான் கரைக்கு வர வேண்டும் என்பதை நகரத்துக்காரர்கள் யோசிப்பதே இல்லை.

நியாயமாகப் பார்த்தால், நெடுந்தீவு ஒரு நாள் டிரிப்புக்கான இடமே அல்ல. உச்சி வெயிலில் போய், உச்சி வெயிலில் சுற்றி, வெயில் தாழும் நேரத்தில் கிளம்ப வேண்டியிருக்கிறது. தங்குவதற்குச் சில விடுதிகள் உண்டு. ஒரு இரவு தங்கினால் மாலையில் குதிரைகளை ஆற அமரப் பார்க்கலாம், தீவுக்காரர் கையில் நான்கு காசு கூடுதலாகச் சேரும், பிற்பகல் படகில் ஒரு சீட்டு ஆசிரியருக்கு மிச்சமாகும். இரண்டு நாள் இல்லாதவர்கள் நயினாதீவு மட்டும் போய்விட்டு, திரும்பும் வழியில் வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் சுற்றினாலே நாள் நிறைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. தீவுக்குப் போகிற நாளுக்கு அடுத்த நாள் காலையில் சென்னை விமானத்தைப் பதிவு செய்ய வேண்டாம். இடையில் ஒரு நாள் இருக்கட்டும். காற்று மாறி 'இண்டைக்குப் படகு இல்லை' என்று சொல்லிவிட்டால், குறிகட்டுவானில் நின்று யாரோடும் சண்டை போட முடியாது.