மாட்டை விற்கும் முன் காளையைச் சோதியுங்கள்

சினை நிற்காத மாட்டைச் சந்தைக்கு ஓட்டும் முன் ஒரு கேள்வி: அதற்குச் சேர்த்த காளையைச் சோதித்தீர்களா? காங்கேயம் பகுதியில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வருகிறது. ஒரு மாடு சினை நிற்காவிட்டால் ஒரு கன்று நட்டம். பூச்சிக்காளை பழுதென்றால், அதனிடம் மாடு ஓட்டி வரும் அத்தனை பேருக்கும் ஓர் ஆண்டு நட்டம். ஆனால் பழி மாட்டின் மேல்தான் விழுகிறது.

கண்ணபுரம் சந்தையில் காளை வாங்குவோர் திமில், கொம்பு, சுழி எல்லாம் பார்க்கிறார்கள். விரைப்பையைத் தடவிப் பார்ப்பவர் குறைவு. விரைகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில், கெட்டியாக, பைக்குள் தாராளமாக நகர வேண்டும். வீக்கமோ கட்டியோ இருந்தால் எவ்வளவு அழகான காளையும் இனவிருத்திக்கு வேண்டாம்.

விரைப்பை உடலைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் நல்ல விந்தணு உருவாகும். அது உருவாகி முதிர ஏறக்குறைய 2 மாதம் ஆகும். எனவே சித்திரை வெயிலோ கோமாரிக் காய்ச்சலோ செய்த கேடு ஆனி, ஆடியில்தான் தெரியவரும். அதற்குள் காய்ச்சல் வந்ததே மறந்திருக்கும்! காய்ச்சல் கண்ட காளைக்கு 2 மாதம் ஓய்வு கொடுத்து, விந்துப் பரிசோதனை செய்த பிறகே சேர்க்கையில் விடுங்கள். கொறங்காட்டு வெள்வேல மரங்களை வெட்டாதீர்கள். காளைக்கு அந்த நிழல் வேண்டும்.

கண்காட்சிக்காகக் கொழுக்க வைப்பதும் கெடுதல். விரைப்பையின் கழுத்தில் கொழுப்பு சேர்ந்தால் வெப்பம் வெளியேறாது. பருத்திக்கொட்டை அளவு மீறினால் அதிலுள்ள காசிபால் விந்தணுவையே பாதிக்கும். கொழுக்கட்டைப் புல் மேய்ச்சல், கொஞ்சம் பயறுவகைத் தீவனம், தாது உப்புக் கலவை. இதற்கு மேல் ஆடம்பரம் தேவையில்லை என்பது என் கருத்து.

சேர்த்த மாடு 21 நாளில் திரும்பாமல், 40, 50 நாள் கழித்துப் பருவத்துக்கு வருகிறதா? கரு தங்கிச் சிதைந்திருக்கலாம். ஒரே காளைக்குச் சேர்த்த பல மாடுகளில் இப்படி நடந்தால், காளை நோயைப் பரப்புகிறதா என்று பாருங்கள். புரூசெல்லா தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டுமே, காளைக்குக் கிடையாது. இரத்தப் பரிசோதனைதான் வழி. இந்த நோய் மனிதருக்கும் தொற்றும்.

பரிசோதனைச் செலவைக் காளைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. மாடு ஓட்டி வருபவர்கள் பங்கிட்டுக் கொள்ளலாம். களப்பணியாளர்கள் சினைப் பரிசோதனை முகாம் நடத்தும்போது, அந்த ஊர்ப் பூச்சிக்காளையையும் அன்றே பிடித்து வரச் சொல்லுங்கள்.