கடலை ஓட்டுவது வருணனா?

யானைமலை உச்சியில் ஏறி நின்றாலும் கண்ணுக்குக் கடல் தெரியாத ஒத்தக்கடையில், கடலைப்பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஆனால் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் மூட்டை முடிச்சுடன் இராமேசுவரத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இப்பக்கத்தில் அநேகர். ஐப்பசி, கார்த்திகையில் நம் வயலில் விழும் மழையும் பெரும்பாலும் வங்கக் கடல் தரும் ஈரமேயாகும். ஆகவே கடலின் போக்கை அறிய வேண்டியது கடற்கரைக்காரர்களுக்கு மாத்திரமல்ல, நமக்கும் அவசியமாகும்.

ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிறது. எங்கும் நிரம்பி நிற்கும் கடல் நீர் ஏன் ஓடுகிறது என்று கேட்டால், வைதீகர்கள் அது வருணன் கட்டளை என்று சொல்லி நம் வாயை அடைத்துவிடுவார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். பிப்ரவரி முதல் மே வரை நம் கிழக்குக் கரையோரம் வடக்கே ஓடுகின்ற நீர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே ஓடுகின்றதே, அது ஏன்? பருவக்காற்று மாறும்போதெல்லாம் வருணனுக்கும் புத்தி மாறுகின்றதா என்று கேட்கிறோம்.

உண்மைக் காரணம் என்னவென்றால், முதலாவது காற்று. வங்கக் கடல் முழுவதன்மேலும் வீசும் காற்று மேல்நீரைத் தள்ளுகின்றது. காற்று மாறினால் ஓட்டமும் மாறுகின்றது. இரண்டாவது, பூமி தன்னைத்தானே சுற்றுவது. 1893 முதல் 1896 வரை 'பிராம்' என்னும் கப்பலில் வடதுருவக் கடலில் சென்ற நார்வே தேசத்து நான்சென், பனிக்கட்டிகள் காற்றடிக்கும் திசையிலேயே போகாமல் வலப்பக்கம் விலகிப் போவதைக் கண்டார். "ஆண்டவன் லீலை" என்று கும்பிட்டுவிட்டு வராமல், ஏன் என்று கேட்டார். பூமியின் சுழற்சியே காரணம் என்று சுவீடன் தேசத்து எக்மான் 1905இல் கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்றாவது, சூடும் உப்பும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. குளிர்ந்த நீரும் உப்பு மிகுந்த நீரும் கனத்துக் கீழே இறங்க, வேறு நீர் அவ்விடத்துக்கு வருகின்றது. இவற்றோடு கரையின் வளைவும் சேர்ந்து ஓட்டத்தின் வழியைத் தீர்மானிக்கின்றது.

நிற்க, இதில் ஒரு வேடிக்கையையும் பாருங்கள். காசிக்குப் போய்ச் செம்பில் கங்கை நீரைக் கொண்டுவந்து இராமேசுவரத்தில் அபிஷேகம் செய்தால் மோட்சம் என்கிறார்கள். ஆனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலில் கொட்டும் நீரோ, உப்பு நீரோடு கலந்து, மழைக்காலத்துக்குப்பின் கிழக்குக் கரையோரமாகத் தானே தெற்கே வந்துகொண்டிருக்கிறது. டிக்கட்டுமில்லை, தட்சிணையுமில்லை!

அன்றியும், இந்த ஓட்டத்தை நீண்ட காலமாகக் கண்டறிந்தவர்கள் யார்? அதை 'நீவாடு' என்று பெயரிட்டு, அதைப் பார்த்தே வலைவிடும் மீனவத் தோழர்கள். அவர்களைத் தாழ்ந்த சாதி என்றார்கள். கடற்பயணம் செய்தவன் சாதி கெட்டான் என்று எழுதிவைத்த போதாயன தர்மசூத்திரக்காரர்களை ஞானிகள் என்றார்கள். கடலை அறிந்தவன் கீழ், கடலுக்குப் பயந்தவன் மேல்! இதுதான் வர்ணாசிரமத்தின் யோக்கியதை.

இது வெறும் வாதத்துக்கான விஷயமன்று, உயிர் விஷயமுமாகும். அலையடிக்கும் கரையில் அலை கொண்டுவந்து குவிக்கும் நீர், சில இடங்களில் வாய்க்கால்போல் ஒடுங்கி வேகமாகக் கடலுக்குத் திரும்புகின்றது. அவ்விடத்தில் அலை அதிகம் உடையாததால், உள்நாட்டிலிருந்து போகிறவருக்கு அதுவே பத்திரமான இடமாகத் தோன்றும். அதில் அகப்பட்டவன் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்து மாள்கிறான். ஊரார் "கடலம்மா பலி கொண்டாள்" என்கிறார்கள். பலியுமில்லை, கோபமுமில்லை. பதறாமல் கரையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பைக் கடந்தபின் கரைக்குத் திரும்பினால் பிழைக்க வழியுண்டு. இதைச் சொல்லிக்கொடுக்கும் புரோகிதர் யாரேனும் உண்டா?

ஆகவே தோழர்களே, பிள்ளைகள் "கடல் ஏன் ஓடுகிறது" என்று கேட்டால், வருணன் என்று சொல்லி அடக்காதீர்கள். காற்றையும் உப்பையும் பூமியின் சுழற்சியையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்கிறவனே மனிதன்.