படலை பூட்டிய குடியிருப்பில் வீடு வாங்கலாமா?

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வீட்டு விலை இறங்கியிருப்பதே இன்று எம்மவர் கூடும் இடங்களில் எல்லாம் பேச்சாக இருக்கின்றது. "இப்போது வாங்காவிட்டால் இனி எப்போது?" என்பார் ஒருவர். "இன்னும் விழும், பொறுத்திருங்கள்" என்பார் மற்றவர். இவ்வாறு அறிவுரை வழங்குவோரிற் பலர் முன்னரே வீடு வாங்கிவிட்டவர்கள். வேறு சிலர் வீடு விற்றுத் தரகுப் பணம் பெறுபவர்கள். (எமது பத்திரிகைகளின் பக்கங்களை நிரப்புவனவும் வீடு விற்பனை முகவர்களின் படங்கள்தாம். ஆசிரியர் எம்மீது சினங்கொள்ள மாட்டார் என நம்புகின்றோம்.) வாடகை வீட்டில் நான்கைந்து பேராய் வாழ்ந்து, இரண்டு வேலை செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு நிற்கும் குடும்பத்தின் பக்கம் நின்று இவ்விடயத்தை நோக்க விரும்புகின்றோம்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2022 பெப்ரவரியில் இப்பகுதியில் விற்கப்பட்ட வீடுகளின் சராசரி விலை 13 இலட்சத்து 30 ஆயிரம் டொலரைத் தாண்டியது. அடுத்த மாதம் கனடா வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கிற்று. 0.25 வீதமாக இருந்த வட்டி 2023 ஜூலையில் 5 வீதமாயிற்று. 2024 ஜூனிலிருந்து அதனைக் குறைத்து, 2025 ஒக்டோபரில் 2.25 வீதத்திற்குக் கொண்டு வந்தார்கள். எனினும் விலை மீளவில்லை. 2025 இலையுதிர் காலத்தில் சராசரி விலை பத்தரை இலட்சம் டொலர் அளவிலேயே நின்றது. உச்சியிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

"வீட்டு விலை விழுந்தால் இரண்டு வருடத்தில் எழும்பிவிடும்" என்று கூறுவோர் இந்நகரின் பழைய கதையை அறியாதவர்கள். 1989 இல் இங்கு சராசரி விலை சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரம் டொலர். 1990 இல் ஐந்தாண்டு அடமானக் கடனின் வட்டி 13 வீதத்தையும் தாண்டியிருந்தது. விலை படிப்படியாகத் தேய்ந்து 1996 இல் 1 இலட்சத்து 98 ஆயிரம் டொலருக்கு வந்தது. 1989 இன் விலையை மீண்டும் தொட்டது 2002 இல், பதின்மூன்று ஆண்டுகள்! அவ்வேளையில் எம்மவரில் முதலாவதாக வந்தோர் சிலர் உச்ச விலையில் வாங்கி, உணவகங்களில் இரவு பகலாகக் கோப்பை கழுவி அவ்வீடுகளைக் காப்பாற்றினர். சிலரால் காப்பாற்ற முடியவில்லை. அக்கதைகள் கலியாண வீடுகளிற் பேசப்படுவதில்லை.

இனி, படலை பூட்டிய குடியிருப்புகளின் விடயம். மார்க்கம், ஸ்ரவ்வில், ஏஜக்ஸ், பிக்கரிங், பிரம்ரன் ஆகிய இடங்களில் நிரை நிரையாய் எழும் புதிய தொடர்வீட்டுக் குடியிருப்புகளுள் உண்மையிலேயே கேற்றும் காவலாளியும் உள்ளவை மிகச் சிலவே. பெரும்பாலானவற்றில் நுழைவாயிலில் இரண்டு கற்றூண்களும் "தனியார் வீதி" என்ற பலகையும் மட்டுமே உண்டு. கார்த் திருட்டுப் பெருகிய இந்த ஆண்டுகளில் அத்தூண்களே ஒரு பாதுகாப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுக்கும், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களுக்கும், பூட்டக்கூடிய ஒரு படலை என்பது வெறும் இரும்பன்று. இந்த உணர்வை நாம் எள்ளி நகையாட மாட்டோம். விற்பவர்களும் அதனை நன்கு அறிந்தே விலை குறிக்கின்றனர்.

ஊரில் எமது வேலி எமது வேலி. கதியால் போடுவதும் கிடுகு மாற்றுவதும் எமது விருப்பம். இங்கு அப்படலையும் அதற்குள் செல்லும் வீதியும் கூட்டாக உடைமை கொண்ட ஒரு கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. அதற்கு மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தவேண்டும். சில குடியிருப்புகளில் வீடும் நிலமும் உங்களுடையவை. வீதியும் விளக்கும் மட்டும் பொது. அங்கு கூரை ஒழுகினால் செலவு உங்களுடையது. வேறு சிலவற்றில் முழுவதும் கொண்டோமினியம். கூரையும் வெளிச்சுவரும் பெரும்பாலும் கூட்டுத்தாபனத்தைச் சார்ந்தவை. வாங்க முனைவோரிடம் இவ்விரண்டில் எது என்று கேட்டால், "ரவுண்ஹவுஸ்தானே" என்ற விடையே கிடைக்கின்றது. நகரசபைக்குச் செலுத்தும் வீட்டு வரியிலும் இத்தனியார் வீதியின் பொருட்டுப் பொதுவாக ஒரு கழிவும் கிடையாது. தெருப் பனியை அள்ளுவதற்கு வேறாகக் கட்டணம் செலுத்திக்கொண்டே முழு வரியையும் செலுத்துகின்றீர்கள்.

நாம் படிப்பித்தது தமிழும் வரலாறும், கணிதம் அன்று. ஆயினும் இக்கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். 8 இலட்சம் டொலர் வீட்டிற்குச் சட்டப்படி வேண்டிய மிகக் குறைந்த முற்பணம் 55 ஆயிரம் (முதல் 5 இலட்சத்திற்கு 5 வீதம், மீதிக்கு 10 வீதம்). இருபது வீதத்திற்குக் குறைவாகச் செலுத்துவதால் கடன் காப்புறுதிக்கு ஏறக்குறைய 30 ஆயிரம் கடனோடு சேரும். நாலரை வீத வட்டியில், 25 ஆண்டுத் தவணையில், மாதம் சுமார் 4,290 டொலர். இதன்மேல் வீட்டு வரி, வெப்பமூட்டும் செலவு, காப்புறுதி. பராமரிப்புக் கட்டணம் 300 டொலர் என்றால் அது அற்பமாகத் தோன்றும். ஆனால் அதே 300 டொலரால் மேலும் 54 ஆயிரம் டொலர்க் கடனைக் கட்டிவிடலாம்! கடனாவது 25 ஆண்டில் தீரும். கட்டணம் தீராது, பெரும்பாலும் ஏறவே செய்யும். எனவே கட்டணமில்லாத சாதாரண வீடு ஒன்று ஐம்பதாயிரம் கூடுதலாக இருந்தாலும், அதுவே மலிவானதாக இருக்கக்கூடும்.

முற்பணம் 55 ஆயிரம் மட்டுமே இட்ட வீட்டின் விலை இன்னும் பத்து வீதம் இறங்கினால் 80 ஆயிரம் போயிற்று. உங்கள் முற்பணம் முழுவதும் அதில் அடங்கும். தொடர்ந்து தவணை கட்டி அங்கேயே வாழ்பவருக்கு இது தாளில் எழுதிய நட்டமே. வேலை போய் விற்க நேர்ந்தவருக்கோ அது உண்மையான நட்டம். ஊரில் காணியை ஒற்றி வைத்தால் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அனுபவிப்பார். காணியின் விலை ஏறிற்றா இறங்கிற்றா என்று எவரும் விசாரிப்பதில்லை. இங்கு தவணை தவறினால் கடன் கொடுத்தவர் வீட்டை விற்கலாம். விற்ற பணம் போதாவிடின் மீதியையும் உங்களிடம் கேட்கலாம். பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்தாது விட்டாலும் கூட்டுத்தாபனம் வீட்டின்மீது உரிமைப் பொறுப்பைப் பதிவு செய்யும். அது வங்கியின் அடமானத்திற்கும் முந்தியது என்பதைப் பலர் அறியார்.

இதைவிடக் கொடிய நிலைமை, கட்டி முடியாத வீடுகளை 2021 இலும் 2022 இலும் ஒப்பந்தம் செய்தவர்களுடையது. சாவி கையேற்கும் நாளில் வங்கி இன்றைய மதிப்பிற்கே கடன் தருகின்றது, அன்றைய விலைக்கு அன்று. இடைவெளியைக் கைக்காசாகக் கொடுக்க இயலாதவர் வைப்புப் பணத்தை இழப்பதோடு, கட்டுநர் தொடரும் நட்டஈட்டு வழக்கிற்கும் ஆளாகின்றார். வெட்கத்தினால் இவர்கள் வாய் திறப்பதில்லை. வாய் திறந்தால், அடுத்தவர் ஒருவராவது தப்புவார்.

எமது சமூகத்திற்கே உரிய ஓர் ஆபத்தையும் கூறவேண்டும். முற்பணம் போதாவிடின் சீட்டை எடுக்கின்றோம். மைத்துனரிடம் வாங்கிய கடனுக்கு "அன்பளிப்பு" என்று கடிதம் எழுதுகின்றோம். வருமானம் போதாவிடின் அண்ணனை இணைக் கையொப்பமிடச் செய்கின்றோம். சீட்டுக்கும் மாதந்தோறும் கட்டவேண்டும் என்பதை வங்கி அறியாது. உங்கள் சமையலறை அறியும். பொய்யான கடிதம் சட்டப்படி குற்றம். இணைக் கையொப்பமிட்ட அண்ணனோ முழுக் கடனுக்கும் பொறுப்பாளி. அவர் தமக்கென ஒரு வீடு வாங்கச் செல்லும்போது அக்கடன் அவருடைய கணக்கிலும் நிற்கும். ஒரு வீட்டிற்காகச் சகோதரர் இருவர் பேச்சுவார்த்தையின்றிப் போன குடும்பங்கள் எம்மிடையே குறைவா? தங்கையின் கலியாணத்தில் ஒருவர் முன்வரிசையிலும் மற்றவர் வாசலிலும் நிற்பதைக் கண்டிருக்கின்றோம்.

நிலக்கீழ் அறையை வாடகைக்கு விட்டுக் கடன் கட்டலாம் என்ற எண்ணமும் இக்குடியிருப்புகளில் செல்லாமற் போகலாம். நகரசபை அனுமதித்தாலும் கூட்டுத்தாபனத்தின் பிரகடனம் மறுக்கக்கூடும். கார் தரிப்பிடம் இன்னொரு சிக்கல். பத்து விருந்தினர் இடங்களை எண்பது வீட்டார் பங்கிடும் இடத்தில் அந்தியேட்டிக்கு வருபவர்கள் எங்கே நிறுத்துவது? கோடையில் அம்மா நடும் கத்தரிக்கும் பயிற்றங்கொடிப் பந்தலுக்கும் அனுமதி கேட்கவேண்டிய குடியிருப்புகளும் உண்டு.

அவ்வாறெனில் வாங்கவே கூடாதா? அது எமது கருத்தன்று. விலை இறங்கிய சந்தை வாங்குபவருக்குத் தரும் மெய்யான நன்மை, மலிவைக் காட்டிலும் அவகாசமே என்பது எமது எண்ணம். 2021 இல் ஒரே மாலையில் இருபது பேர் போட்டியிட்டு, பரிசோதனையுமின்றி நிபந்தனையுமின்றிக் கையொப்பமிட்டார்கள். இன்று கடன் உறுதியாகும்வரை, வீட்டைப் பரிசோதிக்கும்வரை, கூட்டுத்தாபனத்தின் நிலைச் சான்றிதழைச் சட்டத்தரணி வாசிக்கும்வரை என நிபந்தனை வைத்தே வாங்கலாம். மறுக்கும் முகவரை விட்டு விலகுங்கள். நிலைச் சான்றிதழுக்குக் கட்டணம் 100 டொலருக்கு மேற்படக் கூடாது. பத்து நாளில் தந்தாக வேண்டும். சேமநிதியில் எவ்வளவு உண்டு, வழக்குகள் உண்டா, விசேட அறவீடு வருகின்றதா என்பன அதில் இருக்கும். கொண்டோமினிய அலகைக் கட்டுநரிடமிருந்து புதிதாக வாங்கினால், பத்து நாளுக்குள் காரணம் கூறாமலே விலகும் உரிமையும் சட்டத்தில் உண்டு.

ஸ்ரீல்ஸ் அவெனியூவுக்கு வடக்கே வாங்கினால் ரொறன்ரோ மாநகரின் இரண்டாவது காணி மாற்று வரி இல்லை. 8 இலட்சம் டொலர் வீட்டில் அது 12 ஆயிரத்திற்கும் மேல். முதல் வீட்டிற்கான வரிச் சலுகை குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பெற்றவர்க்கே உரியது. அண்மையில் அகதியாக ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவுரிமைக்குக் காத்திருப்போர் இதனைச் சட்டத்தரணியிடம் கேட்டறிதல் நன்று.

வீட்டு வாடகையும் புதிய வீட்டின் மாதச் செலவும் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அத்தொகையை ஓராண்டு வங்கியில் இட்டுப் பாருங்கள். இட முடியுமாயின், பத்து ஆண்டாவது அங்கு வாழும் எண்ணமும் இருக்குமாயின், தாராளமாகத் தேடத் தொடங்கலாம். இட முடியாவிடின் வாடகை வீட்டில் இருப்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. தேடும்போது பகலில் முகவரோடு ஒருமுறை பார்த்தால் போதாது. பனி கொட்டிய மறுநாட் காலையில் ஒருமுறை செல்லுங்கள்: வீதி வாரப்பட்டிருக்கின்றதா? சனிக்கிழமை இரவு ஒருமுறை செல்லுங்கள்: விருந்தினர் தரிப்பிடத்தில் ஓர் இடமாவது இருக்கின்றதா? அங்கு நடமாடும் ஒருவரை நிறுத்தி, கடந்த மூன்று ஆண்டில் பராமரிப்புக் கட்டணம் எத்தனை முறை ஏறியது என்று விசாரியுங்கள். ஒரு படலைக்குள் எப்படியும் எம்மவர் ஒருவர் இருப்பார், தேநீரும் கிடைக்கும்.