சாலை வாங்கிய கடனைத் தண்ணீராகத் திருப்பிக் கொடு!

மழைக்கு முன்னால் பேசிவிட வேண்டும். மழை வந்த பிறகு பேச நேரம் இருக்காது. படகு தேடிக்கொண்டிருப்போம். பால் பாக்கெட் தேடிக்கொண்டிருப்போம். நனைந்த ரேஷன் கார்டை மொட்டை மாடியில் காயவைத்துக்கொண்டிருப்போம்.

இப்போதே வாருங்கள். துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடி ரேடியல் சாலைக்கு வாருங்கள். வண்டியை ஓரங்கட்டுங்கள். இடப்பக்கம் பாருங்கள். வலப்பக்கம் பாருங்கள். இரண்டு பக்கமும் கிடப்பது ஒரே கழுவெளி. பள்ளிக்கரணைக் கழுவெளி. அதன் குறுக்கே கிடப்பதுதான் நாம் நிற்கும் சாலை.

சதுப்பு நிலம் என்று அரசு எழுதும். கழுவெளி என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை வந்து இறங்குகிற இடம் அது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கு வரும். நாராயணபுரம் நிரம்பிக் கழுவெளிக்கு வரும். கழுவெளி நிரம்பி ஒக்கியம் மடுவில் இறங்கும். மடுவு பக்கிங்காம் கால்வாயில் சேரும். கால்வாய் முட்டுக்காட்டில் கடலைத் தொடும். ஒரே ஓட்டம். ஒரே மூச்சு.

அந்த மூச்சைச் சாலை அறுத்தது. பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாக வெட்டியது. நாராயணபுரம் ஏரியை இரண்டாக வெட்டியது. கழுவெளியை இரண்டாக வெட்டியது.

தோழரே, மண் கொட்டி மேடு கட்டினால் அதன் பெயர் என்ன? மேலே தார் போட்டால் சாலை என்கிறோம். தண்ணீரைக் கேட்டால் அணை என்று சொல்லும். மதகு இல்லாத அணை. கலங்கல் இல்லாத அணை. ஏரி கட்டிய நம் முன்னோர் மதகு வைக்காமல் கரை போட்டதுண்டா? கலங்கல் வைக்காமல் விட்டதுண்டா? பள்ளிக்கூடம் போகாத, மதகு திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டிக்குத் தெரிந்த கணக்கு, கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவர்களுக்குத் தெரியாதா?

தெரியும். நாம் கேட்கமாட்டோம் என்பதும் தெரியும். அதனால்தான் பேருக்கு நாலு சிறுபாலம் வைத்தார்கள். அதிலும் குப்பை. அதிலும் ஆகாயத்தாமரை.

கேளுங்கள் தோழர்களே! கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். 2015 டிசம்பரில் பார்த்தோம். வேளச்சேரியில் கழுத்தளவு நின்று பார்த்தோம். மடிப்பாக்கத்தில் முதல் மாடி ஜன்னல் வழியாகப் படகில் இறங்கிப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் பார்த்தோம். பள்ளிக்கரணையில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் பார்த்தோம். இன்னும் எத்தனை முறை பார்க்கப் போகிறோம்?

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த கழுவெளி. 2007-இல் அதில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏற்றியது சுமார் 1,247 ஹெக்டேர். உலகத் தகுதி கிடைத்தது என்று மகிழ்ந்தோம். மகிழ்ச்சிதான். ஆனால் மீதி எங்கே? குப்பைமேட்டின் அடியில். ஐ.டி. கட்டடங்களின் அடியில். ரயில் நிலையத்தின் அடியில். சாலையின் அடியில்.

அந்த மீதியைத்தான் கடன் என்கிறேன். சாலை தண்ணீரிடம் வாங்கிய கடன். திருப்பிக் கொடுக்காத கடன். ஒவ்வொரு மழையிலும் நம் வீட்டுக்குள் வந்து வட்டி வசூலிக்கிற கடன்.

சாலையே வேண்டாமா என்று கேட்பார்கள். ஆம்புலன்ஸ் எதில் போகும் என்று கேட்பார்கள். சாலை வேண்டும் தோழரே. போட்டவன் கணக்கைத் தீர்க்கவும் வேண்டும். ஏரியை வெட்டினால் ஏரியைக் கொடு. ஓடையை மறித்தால் ஓடையைக் கொடு.

என்ன கொடுக்கிறார்கள் தெரியுமா? அரளிச் செடி கொடுக்கிறார்கள்! 2015-இல் வந்த பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் 1 விழுக்காட்டை மரம் வளர்க்க ஒதுக்கச் சொல்கிறது. நல்லது. காட்டு நிலம் எடுத்தால் ஈட்டுக்காடு வளர்க்கச் சட்டம் இருக்கிறது. அதற்கென நிதியம் அமைக்க 2016-இல் தனிச் சட்டமே போட்டார்கள். அதுவும் நல்லது. ஏரிக்கு? வரத்துக்காலுக்கு? ஊர் ஓடைக்கு? ஈட்டு நிதியும் இல்லை, ஈட்டுச் சட்டமும் இல்லை. நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் அரளி பூத்திருக்கிறது. அதைக் காட்டுகிறார்கள். ஏரிக்கு ஈடாக அரளி!

இன்னொரு வித்தை இருக்கிறது. இதைக் கவனமாகக் கேளுங்கள். இதில்தான் ஊர் ஊராக ஏமாந்துகொண்டிருக்கிறோம்.

ஏரியில் 10 ஏக்கர் சாலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவலைப்படாதீர்கள், மிச்ச ஏரியை ஆழப்படுத்தித் தருகிறோம், கொள்ளளவு குறையாது என்பார்கள். கணக்கும் காட்டுவார்கள். கன அடி சரியாக இருக்கும். நாமும் தலையாட்டுவோம்.

தலையாட்டாதீர்கள்! மதகு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். மதகுக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வாய்க்காலில் ஏறுமா? ஏறாது. கடைமடைக்குப் போகுமா? போகாது. மாட்டுக்கு ஆகும், நிலத்தடிக்குக் கொஞ்சம் இறங்கும். வயலுக்கு ஆகாது. ஏரி என்பது விரிந்து கிடக்க வேண்டியது. கொக்கும் நாரையும் நடக்கிற கணுக்கால் அளவு தண்ணீர் ஏரிக்கு வேண்டும். விரால் முட்டையிடுகிற கோரைப்புல் ஓரம் வேண்டும். பரப்பைப் பறித்துக்கொண்டு ஆழத்தைக் கொடுப்பது ஈடே இல்லை, ஏமாற்று.

ஆழப்படுத்தியதில் வந்த மண் எங்கே போயிற்று என்றும் கேளுங்கள். அதே சாலைக்குத்தான் போயிற்று. வண்டல் வரைக்கும் எடுத்தால் அது தூர்வாரல். அதற்குக் கீழே பிடுங்கினால் மண் கொள்ளை. 2020 மார்ச்சில் ஒன்றிய அரசு, சாலைத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்கச் சுற்றுச்சூழல் முன்அனுமதி வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தது. ஒரு மனிதர் விடாமல் வழக்கு நடத்தினார். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. ஒரு மனிதர், தோழர்களே! நாம் எத்தனை பேர் இருக்கிறோம்?

அமெரிக்காவைப் பார் என்பார்கள். பார்ப்போம். அங்கே 1972-இல் திருத்தி எழுதிய நீர்ச் சட்டத்தின்படி, சதுப்பை நிரப்பிச் சாலை போட அனுமதி வேண்டும். அழித்ததற்கு ஈடாக வேறொரு சதுப்பையோ ஓடையையோ மீட்டுக் கொடுக்கவும் வேண்டும். கேட்க இனிக்கிறது. அதற்கென்று ஈட்டு வங்கிகளே நடக்கின்றன; யாரோ மீட்டு வைத்த சதுப்பைச் சாலைக்காரர் காசு கொடுத்துத் தன் கணக்கில் வரவு வைக்கலாம். ஆனால் 2001-இல் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றமே கணக்குப் பார்த்து, இழந்த அளவுக்கு ஈடு கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டது. செய்ததாகச் சொன்ன இடம் பல, உண்மையில் சதுப்பாக நின்ற இடம் குறைவு. நமக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பாடம் போதும்: பள்ளிக்கரணையில் அழித்துவிட்டுப் பழவேற்காட்டில் ஈடு கொடுக்கிறேன் என்று எவராவது வந்தால், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

தென்கொரியாவையும் பார்ப்போம். சியோல் நகரின் நடுவில் சொங்கியெச்சோன் என்றொரு ஓடை. அதை மூடி, மேலே பறக்கும் சாலை போட்டிருந்தார்கள். 2003-இல் அந்தப் பறக்கும் சாலையைப் பெயர்க்க ஆரம்பித்தார்கள். 2005-இல் ஏறக்குறைய 6 கிலோமீட்டருக்கு ஓடை வெளிச்சம் பார்த்தது. (அதில் ஓடுவது பெரும்பாலும் ஆற்றிலிருந்து குழாயில் ஏற்றிவிடும் தண்ணீர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழு உண்மை பேசுவோம்.) ஆனாலும் ஒன்று நிரூபணமானது. போட்ட சாலையைப் பெயர்க்க முடியும்.

நாம் பெயர்க்கக்கூடச் சொல்லவில்லை. திறக்கச் சொல்கிறோம். மண்மேட்டை வெட்டிப் பாலமாக்கு. சிறுபாலத்தின் அடித்தளத்தை ஓடையின் படுகை மட்டத்துக்கு இறக்கு. ஒக்கியம் மடுவின் வாயை மழைக்காலத்தில் எந்த வேலைக்காகவும் மறிக்காதே. அறுத்த வரத்துக்காலை அதே நீர்ப்பிடிப்பில் மறுபடி இணைத்துக் கொடு. சாலைக்கு ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் கொடு. கொடுத்துவிட்டுப் பத்து ஆண்டுக்குப் பராமரித்துக் காட்டு. இதுதான் நம் கோரிக்கை. இதில் எது பேராசை?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீர்நிலை மீட்பு என்ற பெயரைக் கேட்டதும் சிலருக்குக் கண்ணில் படுவது குடிசைதான். கூவம் கரையில் இருந்தவர்களைப் பிடுங்கினார்கள். அடையாறு கரையில் இருந்தவர்களைப் பிடுங்கினார்கள். ஆற்றை ஆக்கிரமித்தீர்கள் என்றார்கள். கொண்டுபோய் எங்கே வைத்தார்கள்? பெரும்பாக்கத்தில். கண்ணகி நகரில். செம்மஞ்சேரியில். கழுவெளியின் ஓரத்தில்! ஆற்றங்கரையிலிருந்து தூக்கி, தண்ணீர் வந்து தேங்குகிற பள்ளத்தில் போட்டார்கள். செம்மஞ்சேரிக்காரர்களைக் கேளுங்கள், ஐப்பசி பிறந்தாலே கட்டில்மேல் கட்டில் அடுக்குகிற கதை சொல்வார்கள். அவர்கள் நம் எதிரிகள் இல்லை. அவர்கள்தான் நம் முன்வரிசை. அவர்கள் இல்லாமல் கொடி பிடிக்காதீர்கள்.

ஏன் இப்போது என்கிறீர்களா? எண்ணூரிலிருந்து பூஞ்சேரி வரை சுமார் 133 கிலோமீட்டருக்கு சென்னை எல்லைச் சாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எண்ணூர்ப் பக்கம் கழிமுகம். இருளர் பெண்கள் பறியைக் கட்டிக்கொண்டு கையால் இறால் பிடிக்கிற சேறு அது. அதைத் தாண்டினால் திருவள்ளூர், செங்கல்பட்டு ஏரிகளின் நாடு. ஒரு ஏரியின் கலங்கல் அடுத்த ஏரியின் வரத்து. சங்கிலி. அதன் குறுக்கே மேடு எழும்புகிறது. ரேடியல் சாலையில் நாம் தூங்கினோம். எல்லைச் சாலையிலும் தூங்கப் போகிறோமா?

2023 ஏப்ரலில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால், நடுவில் ஏரி இருந்தாலும் ஓடை இருந்தாலும் சேர்த்துக் கொடுக்க அது வழி செய்கிறது. விவசாயிகள் எதிர்த்தார்கள். நகரத்தில் எத்தனை பேர் எதிர்த்தோம்? நாம் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததன் விலையைத் தண்ணீர் வந்து சொல்லும். படியேறி வந்து சொல்லும்.

பயமா தோழரே? அதிகாரி முகம் சுளிப்பார் என்ற பயமா? நான்கூட ஒரு கூட்டத்தில் வரத்துக்கால் எங்கே என்று கேட்டதற்கு, வளர்ச்சிக்கு எதிரி என்ற பட்டம் வாங்கினேன். வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. சேலம் எட்டுவழிச் சாலைக்காக 2018-இல் கல் நட வந்தபோது, வயலில் விழுந்து மறித்த பாட்டிகளுக்கு இல்லாத பயம் நமக்கு எதற்கு? 277 கிலோமீட்டர் சாலை. பத்தாயிரம் கோடி ரூபாய்த் திட்டம். கைது செய்தார்கள். வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் ஒருமுறை வென்றோம், ஒருமுறை தோற்றோம். அந்தச் சாலை இன்றுவரை போடப்படவில்லை.

ஆகவே வாருங்கள். இந்த வாரமே உங்கள் ஊர் ஏரியின் அ-பதிவேடும் புலப்படமும் எடுங்கள். கிடைக்கவில்லையா? 10 ரூபாய் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வரத்துக்காலை நடந்து பாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று பட்டாவைவிட அவர் சரியாகச் சொல்வார். சாலை மறித்த இடத்தைப் படம் எடுங்கள். தேதியோடு எடுங்கள்.

அக்டோபர் 2 கிராம சபை. ஊராட்சியில் இருப்பவர்கள் ஒருவரும் வீட்டில் இருக்காதீர்கள். மாநகராட்சிக்காரர்கள் பகுதி சபையில் எழுந்து நில்லுங்கள். ஒரே தீர்மானம்: எங்கள் ஊரில் சாலை எடுத்த நீர்நிலைக்கு, எங்கள் ஊர் நீர்ப்பிடிப்பிலேயே, பரப்புக்குப் பரப்பு ஈடு வேண்டும். சர்வே எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். முழுதாக எழுதி, உரக்கப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள்.