விரல் வளையாது என்னும் பொய்

கோடை விடுமுறை வந்தால் ஊரெங்கும் இசை வகுப்புத் தட்டிகள் முளைக்கின்றன. கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ். அடியில் தவறாமல் ஒரு வரி: 5 வயது முதல் 15 வயது வரை. இந்த ஆண்டும் அதே வரி. 16 வயதுக்காரனுக்கே இடமில்லை என்றால் 45 வயதில் ஆசைப்படுகிறவர் எங்கே போவார்? கேட்டால், “பையனோ பொண்ணோ இருந்தா சேர்த்துவிடுங்க சார்” என்கிறார்கள். வீட்டில் பேச்செடுத்தால் அதைவிட மோசம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இசைக்கு ஒரு வயது உண்டு, அதைத் தவறவிட்டவர் தவறவிட்டவர்தான் என்ற இந்த நம்பிக்கை எத்தனையோ பேரின் ஆசையைத் தொடங்கும் முன்பே கொன்றிருக்கிறது. கிட்டாரைப் பொறுத்தவரை இது அப்பட்டமான பொய்.

கருவியை ஒரு முறை உற்றுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். வயலினில் விரல் வைக்கும் இடத்தைக் காதும் கையும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நூல் தள்ளினால் சுருதி விலகிவிடும். அதைச் சிறுவயதில் பழகினால்தான் வரும் என்று யாராவது சொன்னால் நின்று கேட்கவாவது கேட்கலாம். கிட்டாரின் கழுத்திலோ வீணைக்கு மெட்டுகள் இருப்பதைப் போல ஃப்ரெட்டுகள் இருக்கின்றன. இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் எங்கே அழுத்தினாலும் அந்தச் சுரம்தான் வரும். கணக்கெல்லாம் போட்டுப் பதித்துக் கொடுத்துவிட்டார்கள். முழு அளவுக் கிட்டாரில் கம்பி ஒலிக்கும் நீளம் சுமார் 65 சென்டிமீட்டர். முதல் நான்கு ஃப்ரெட்டுகளே ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் வரை போகின்றன. குழந்தைக் கைக்கு இது எட்டாது என்பதால்தான் அரை அளவிலும் முக்கால் அளவிலும் தனியாகச் செய்து விற்கிறார்கள். வளர்ந்தவர்களின் கைக்காகவே செய்த கருவியை வளர்ந்தவர்களுக்கு வராது என்று சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

நம் ஊரில் இதற்கு விடையாக இளையராஜாவைச் சொல்லலாம். இருபதுகளின் நடுவில் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படித்து, லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். ஆனால் அவர் பெயரைச் சொன்ன உடனே, “அவர் மேதை, நம்மால் ஆகுமா?” என்று கும்பிட்டு ஒதுக்கிவிடுவார்கள். சரி, மேதையே வேண்டாம். கேரி மார்க்கஸை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். சிறுவயதில் ரெக்கார்டர் என்ற எளிய குழலைக்கூட வாசிக்க வராமல் கைவிட்டவர். தாளம் தன்னிடம் நிற்காது என்று தானே எழுதியவர். நாற்பதை நெருங்கும் வயதில் கிட்டாரை எடுத்து, விடாமல் பழகி, அந்த அனுபவத்தை 2012இல் ‘கிட்டார் ஜீரோ’ என்ற நூலாக்கினார். சிறுவர்களுக்கான இசை முகாமில் போய்ச் சேர்ந்து, தன் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகளோடு குழுவாக வாசித்தார். உலகப் புகழ் பெற்ற வாசிப்பாளராகவில்லை, வாசிக்கத் தெரிந்தவரானார். தாளம் நிற்காத நாற்பது வயதுக்காரருக்கே வந்தது என்றால், தாளம் தப்பாமல் பஜனைக்குக் கை தட்டுகிறவருக்கு ஏன் வராது?

உடனே ஒரு மறுப்பு வரும்: பேராசிரியர், விடுப்பு எடுத்துக்கொண்டார், நாள்தோறும் மணிக்கணக்கில் உட்கார முடிந்தது, எல்லோருக்கும் அப்படி வாய்க்குமா? வாய்க்காதுதான். ஆனால் இப்படிச் சொல்கிறவர்கள் தங்கள் கட்சியைத் தாங்களே கைவிட்டுவிட்டார்கள். மார்க்கஸுக்குக் கிடைத்தது நேரம். இளமை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நரம்பையும் யாரும் மாற்றிப் பொருத்தவில்லை. பத்து வயதுச் சிறுவனிடம் இருப்பதும் அதே நேரம்தான். அம்மா வகுப்பில் கொண்டுபோய் விடுகிறார், பயிற்சி செய் என்று அதட்டுகிறார், ஒரே கார்டை (பல சுரங்களின் கூட்டொலியை) ஒரு மாதம் தப்பும் தவறுமாக வாசித்தாலும் வீடு பொறுத்துக்கொள்கிறது. நாற்பது வயதுக்காரர் இரண்டு நாள் தப்பாக வாசித்தால் “சத்தம் தாங்கல” என்று கதவைச் சாத்துகிறார்கள். பிறகு அவருக்கு வராமல் போனதற்கு வயதைக் காரணம் காட்டுகிறார்கள்.

விஞ்ஞானமே சொல்லிவிட்டதாகப் பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் கைகாட்டுவது பெரும்பாலும் 1995இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு. கம்பிக் கருவி வாசிப்பவர்களின் மூளையில் இடக்கை விரல்களுக்கான பகுதி விரிந்திருப்பதையும், சிறுவயதில் தொடங்கியவர்களிடம் அந்த விரிவு அதிகம் என்பதையும் அது காட்டியது. அந்த ஆய்வில் கலந்துகொண்ட கலைஞர்கள் ஒன்பதே பேர். அவர்களில் கிட்டார் வாசித்தவர் ஒருவர்தான். பெரியவர்களால் கற்க முடியாது என்று அதில் எங்கும் சொல்லவில்லை. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்கிறார்கள். படித்துத் தேறியவர்களின் மூளையில் நினைவுக்கான பகுதி வளர்ந்திருப்பதை 2011இல் எலினார் மெக்வயரும் உடன் ஆய்வாளரும் காட்டினார்கள். அந்த ஓட்டுநர்கள் யாரும் குழந்தைகள் அல்லர். ஒரு சுரத்தைக் கேட்ட மாத்திரத்தில் பெயர் சொல்லும் ஆற்றல் பெரும்பாலும் சிறுவயதில் இசை தொடங்கியவர்களிடமே காணப்படுகிறது என்பது உண்மை. கிட்டாருக்கு அது தேவையில்லை. சுருதி சேர்க்கக் கைபேசியில் ட்யூனர் இருக்கிறது. மார்க்கஸே அறிவாற்றல் உளவியல் துறைக்காரர். குறிப்பிட்ட வயதோடு கற்றலின் கதவு மூடிவிடும் என்ற கோட்பாட்டைத் தன் நூலில் எடுத்து, அதற்கான சான்றுகள் பலரும் நினைப்பதைவிடப் பலவீனமானவை என்று எழுதினார்.

விரல் வலிக்கிறதே என்பார்கள். வலிக்கத்தான் செய்யும், பத்து வயதிலும் வலிக்கும். விரல் நுனியில் காய்ப்பு ஏறச் சில வாரங்கள் ஆகும், யாருக்கானாலும். ஆனால் வலியில் பெரும்பங்கு கருவியின் குற்றம். மலிவுக் கிட்டார்கள் பலவற்றில் கம்பி ஃப்ரெட்டிலிருந்து ரொம்ப உயரத்தில் நிற்கிறது. ‘ஆக்ஷன்’ என்று சொல்லும் அந்த உயரத்தைக் குறைத்துக் கொடுக்காமலே கடைக்காரர் தலையில் கட்டிவிடுகிறார். அதில் போய் எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்தால், தேர்ந்த கையே திணறும். கம்பியைத் தலைப்பக்கம் தாங்கும் நட்டின் பள்ளத்தை அரைத்து, அடிப்பக்கம் தாங்கும் சேடிலைத் தாழ்த்தி, மெல்லிய கம்பி போட்டால் தீர்ந்துபோகும் சங்கதி இது. பத்தில் ஒன்பது பேர் முதல் ஆண்டிலேயே கிட்டாரைக் கைவிடுகிறார்கள் என்று ஃபென்டர் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்டி மூனி சொன்னார். அவர் சொன்னது முதன்முதலாகக் கிட்டார் வாங்குகிற எல்லோரையும் பற்றி. பிள்ளை விட்டால் “படிப்பு ஜாஸ்தி” என்கிறோம். அப்பா விட்டால் “வயசாகிடுச்சு” என்கிறோம்.

இந்தப் பொய்யின் முழுச் சுமையையும் தாங்குகிறவர்கள் பெண்கள். கல்யாணத்தோடு நின்றுபோன வீணை எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கிறது! பிள்ளைகள் வளர்ந்து, கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்த பிறகு அந்த அம்மா கிட்டார் வேண்டும் என்று கேட்டால், இந்த வயதில் எதற்கு என்ற கேள்வி முதலில் சொந்த மகனிடமிருந்து வருகிறது. அவனுடைய கீபோர்டு வகுப்புக்கு ஆண்டுக்கணக்கில் பணம் கட்டியவர் அவர். இன்னொரு பக்கம் தொலைக்காட்சி: ஏழு வயதுக் குழந்தையை மேடையேற்றி, நடுவர்கள் கண்ணீர் விட்டு, தெய்வீகம் என்று கை கூப்புகிறார்கள். இசை என்றால் பிறவியில் வரும் வரம் என்று வாரா வாரம் ஊருக்குப் பாடம் நடக்கிறது. அந்தக் குழந்தைக்குப் பின்னால் எத்தனை மணி நேரப் பயிற்சி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

மேடை ஏற முடியாதே, கற்று என்ன பயன் என்பது கடைசியாக வரும் வாதம். கோடை வகுப்பில் சேரும் பிள்ளைகளில் எத்தனை பேர் மேடை ஏறுகிறார்கள்? அவர்களிடம் அந்தக் கணக்கைக் கேட்காதவர்கள் பெரியவர்களிடம் மட்டும் கேட்கக் கூடாது. ஜி, சி, டி, இ மைனர் என்ற நாலு கார்டுகள் கையில் வந்தால் எத்தனையோ பாட்டுகளுக்கு உடன் வாசிக்கலாம். நாளொன்றுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்தால் சில மாதங்களில் அது நடக்கும். வகுப்பு நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. தட்டியில் உள்ள வயது வரியை எடுக்கட்டும். அலுவலகம் முடிந்து வருகிறவர்களுக்கு இரவு எட்டு மணிக்கு ஒரு வகுப்பு வைக்கட்டும். குழந்தைப் பாட்டுப் புத்தகத்தையும் கிரேடு தேர்வையும் அவர்கள் தலையில் கட்டாமல், எந்தப் பாட்டை வாசிக்க ஆசை என்று முதல் நாளே கேட்டு அதிலிருந்து தொடங்கட்டும். கம்பி உயரத்தையும் அன்றைக்கே பார்த்துச் சரிசெய்து கொடுக்கட்டும்.