காதல் கதையில் கொலை

காதலை வைத்துக் கொலைக் கதை எழுதுகிறவர்கள் வாசகர் மனத்தைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு புகார் நெடுங்காலமாக இருந்து வருகிறது. கணவன் மனைவியைக் கொல்லத் திட்டமிடுவதும், காதலியே காதலனைக் கண்டு நடுங்குவதும் மேல்நாட்டுச் சரக்காம். நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதவையாம். இப்படிச் சொல்கிறவர்கள் மேல்நாட்டு நாவலையும் படித்ததில்லை, நம்முடைய காப்பியத்தையும் படித்ததில்லை என்பது என் துணிபு.

ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்று குண்டலகேசி. நூல் அழிந்துவிட்டது, 19 பாடல்கள்தாம் மிஞ்சின. கதையை நீலகேசியின் உரை காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் ஒரு கள்வனைக் கண்டு வணிகன் மகள் பத்திரை மனத்தைப் பறிகொடுக்கிறாள். தகப்பன் அவனை மீட்டு மகளுக்கு மணம் முடித்து வைக்கிறான். ஒரு நாள் ஊடலில், நீ கள்வன்தானே என்று அவள் விளையாட்டாகச் சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான். அந்தச் சொல்லை அவன் மறக்கவில்லை. அன்பு பாராட்டுகிறவன் போல அவளை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான், தள்ளிக் கொல்வதற்காக. விஷயம் தெரிந்ததும், சாகுமுன் உம்மை வலம் வந்து வணங்க வேண்டும் என்கிறாள் அவள். வலம் வருகிறவள் அவனுக்குப் பின்னால் வந்ததும் அவனைத் தள்ளிவிடுகிறாள்.

இதைவிடத் திகிலான கதையை எந்த மேல்நாட்டான் எழுதிவிட்டான்? அவள் பின்னால் பௌத்தத் துறவியானது சமயத்துக்கு முக்கியம். கதை எழுதுகிற எனக்கு அந்த ஊடல்தான் முக்கியம். கொலை மலையில் தொடங்கவில்லை ஐயா, படுக்கையறையில் தொடங்குகிறது. ஒரு விளையாட்டுச் சொல்லில் தன் மானம் போயிற்று என்று நினைக்கிற ஆண்பிள்ளையை அந்தப் பழைய ஆசிரியர் எவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறார்!

சரி, மேல்நாட்டுச் சரக்கையும் பார்ப்போம். டாப்னே டு மோரியே 1938இல் 'ரெபெக்கா' நாவலை வெளியிட்டார். செல்வந்தன் ஒருவன் தன் முதல் மனைவியைச் சுட்டுக் கொன்று, படகோடு கடலில் மூழ்கடித்துவிடுகிறான். இரண்டாவது மனைவியிடம் ஒரு நாள் அதை ஒப்புக்கொள்கிறான். அவள் அலறி ஓடவில்லை. இவர் அவளை நேசிக்கவே இல்லை என்று அறிந்து மகிழ்ந்துபோகிறாள்! படிக்கிற நாமும் அவளோடு சேர்ந்து, இவன் அகப்படாமல் தப்ப வேண்டுமே என்று பதைக்கிறோம். புத்தகத்தை மூடிய பிறகுதான் நாம் யாருக்காகப் பதைத்தோம் என்பது உறைக்கிறது. அந்த உறைப்புக்காகவே அது நல்ல நாவல்.

1940இல் ஹிட்ச்காக் அதைப் படமாக்கினார். அப்போது ஹாலிவுட்டில் இருந்த ஒழுக்க விதிப்படி, மனைவியைக் கொன்றவன் தண்டனை பெறாமல் தப்பக் கூடாது. என்ன செய்தார்கள் தெரியுமா? கொலையையே எடுத்துவிட்டார்கள். படத்தில் ரெபெக்கா தானே தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். ஒழுக்கத்தின் பேரால் ஒரு கொலைகாரனை நிரபராதியாக்கிவிட்டார்கள்! நாவல் நம் மனச்சாட்சியை உறுத்தியது. படம் அதைத் தட்டித் தூங்க வைத்தது. நம் ஊர் ஒழுக்கக் காவலர்கள் கேட்பதும் இந்தத் தாலாட்டைத்தான்.

அதே 1938இல் பாட்ரிக் ஹாமில்டன் 'கேஸ் லைட்' என்ற நாடகத்தை எழுதினார். கணவன் பொருள்களை ஒளித்து வைத்துவிட்டு, நீதான் தொலைத்தாய், உனக்குப் புத்தி பேதலிக்கிறது என்று மனைவியை நம்ப வைக்கிறான். கை நீட்டி அடிக்காமலே ஒருத்தியை அழிக்கலாம் என்பதற்கு அதுவரை ஒரு பெயர் இல்லை. அந்த நாடகத்தால் பெயர் கிடைத்தது. 2022இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி 'கேஸ்லைட்டிங்' என்பதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. எந்த நீதி நூல் அந்தப் பெண்களுக்கு இப்படி ஒரு சொல்லைக் கொடுத்தது?

என் கோபம் எழுத்தாளர்கள் மேலும் உண்டு. முந்நூறு பக்கம் கணவன்மேல் சந்தேகத்தை வளர்த்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் எங்கிருந்தோ ஒரு பைத்தியக்காரனைக் கொண்டுவந்து கொலையை அவன் தலையில் கட்டிவிடுகிறார்கள். இது கோழைத்தனம். ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி 2023இல் மட்டும் உலகில் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் கணவனாலோ, காதலனாலோ, குடும்பத்தாராலோ கொல்லப்பட்டார்கள். நாளொன்றுக்கு 140 பேர். அத்தனை பேரையும் கொல்ல ஊரில் பைத்தியக்காரர்கள் போதமாட்டார்கள்.

இன்னொரு வகைக் கதையும் இருக்கிறது. மாட்டேன் என்று சொல்லும் பெண்ணை நாயகன் தெருத் தெருவாகத் தொடர்ந்து போவான். அவள் வீட்டு வாசலில் காவல் இருப்பான். கையை அறுத்துக்கொண்டு ரத்தத்தில் கடிதம் எழுதுவான். முடிவில் அவள் மனம் இளகி மாலையிடுவாள். அது கொலைக் கதை அல்லவாம், காதல் கதையாம். அதை யாரும் கண்டிக்கக் காணோம். பொங்கல் மலரில் வண்ணப்படத்தோடு போடுகிறார்கள்.