ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும்!



"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது"ன்னு ஒரு பழமொழி இருக்கு. நாம புத்தகத்தோட உட்கார்ந்தாலே வீட்டுல யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிடுவாங்க. ஏட்டில் வரைஞ்ச சுரைக்காயை நறுக்கிக் குழம்பு வைக்க முடியாது, சரிதான். ஆனா சமீபத்தில் நான் படிச்ச ஒரு புத்தகத்துக்குப் பிறகு இந்தப் பழமொழியை என்னால அப்படியே ஒத்துக்க முடியலை. ஏட்டில் இருந்த ஒரு படத்தைப் பார்த்தே ஒரு பையன் தன் வீட்டில் விளக்கு எரிய வெச்சிருக்கான். இது கற்பனைக் கதை இல்லை, நிஜமா நடந்தது. அந்தப் புத்தகத்தை நீங்க எல்லாரும், முக்கியமா பெண் பிள்ளைகள், படிக்கணும்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

புத்தகம் எது?

பெயர் 'தி பாய் ஹூ ஹார்னஸ்டு தி விண்ட்'. தமிழில் 'காற்றை வசப்படுத்திய சிறுவன்'னு சொல்லலாம். வில்லியம் காம்குவாம்பா என்பவர் தன் சொந்தக் கதையை பிரையன் மீலர் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். பெரியவர்களுக்கான புத்தகம் 2009-ல் வந்தது. குழந்தைகளுக்கான படப் புத்தகம் 2012-ல் வந்தது. எலிசபெத் ஜூனான் என்பவர் காகிதங்களை வெட்டி ஒட்டி, வண்ணம் தீட்டிப் படங்கள் போட்டிருக்கிறார். நான் படிச்சது இந்தப் படப் புத்தகம். எங்க அறிவியல் டீச்சர் கொடுத்தாங்க. இங்கிலீஷ்னு பயப்படாதீங்க. பக்கத்துக்குக் கொஞ்சம் வரிகள்தான். பக்கத்தில் ஒரு டிக்‌ஷனரி இருந்தா போதும், ரெண்டு நாளில் முடிச்சிடலாம். அதில் இல்லாத சில விஷயங்களை டீச்சர் பெரிய புத்தகத்திலிருந்து சொன்னாங்க. அதையும் சேர்த்தே எழுதுறேன்.

பஞ்சமும் ஒரு லைப்ரரியும்

மலாவி என்பது ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் இருக்கிற ஒரு சின்ன நாடு. அங்கே கசுங்கு மாவட்டத்தில், விம்பே என்ற ஊர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர் வில்லியம். பிறந்தது 1987-ல். மக்காச்சோளம்தான் அவங்க வெள்ளாமை, அதுதான் சாப்பாடும். 2001-ல் விளைச்சல் பொய்த்துப் போய், 2002-ல் பெரிய பஞ்சம் வந்தது. வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. அதுவும் சில வாய்தான். ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாம வில்லியம் படிப்பை நிறுத்திட்டார். அப்போ அவருக்கு வயசு 14. என் வயசு, உங்க வயசு.

ஸ்கூலுக்குப் போக முடியாத பையன் லைப்ரரிக்குப் போனான். விம்பே தொடக்கப் பள்ளியில், நன்கொடையா வந்த புத்தகங்களை வெச்சு ஒரு சின்ன நூலகம் இருந்தது. அங்கே கிடைத்த ஒரு அறிவியல் புத்தகத்தின் பெயர் 'யூசிங் எனர்ஜி'. அட்டையில் வரிசையாகக் காற்றாலைகள். வில்லியமுக்கு இங்கிலீஷ் சரியா வராது. படத்தைப் பார்ப்பார், படத்துக்குப் பக்கத்தில் என்ன வார்த்தை இருக்குன்னு பார்ப்பார், புரியாததை நூலகரிடம் கேட்பார். இப்படியே காற்றாலை கரண்ட் எடுக்கும்னு தெரிஞ்சுக்கிட்டார்.

சாமான் வாங்கக் காசு ஏது? காயலான் கடையில் கிடக்கிற மாதிரி பழைய இரும்பு கிடக்கிற ஒரு இடத்தில் தேட ஆரம்பிச்சார். பழைய டிராக்டரின் ஃபேன், ஷாக் அப்சார்பர், உடைஞ்ச சைக்கிள் எல்லாம் சேர்த்தார். பிவிசி பைப்பை நெருப்பில் வாட்டித் தட்டையாக்கி றெக்கை செஞ்சார். வாஷருக்குப் பதிலா பாட்டில் மூடிகள். தைலமரக் கம்புகளை நட்டு சுமார் 5 மீட்டர் உயரத்துக்குக் கோபுரம். ஊர்க்காரங்க பைத்தியம்னு சொன்னாங்க. ஆனா அவரோட நண்பன் கில்பர்ட் தன் காசைக் கொடுத்து ஒரு சைக்கிள் டைனமோ வாங்கிக் கொடுத்தான். (நமக்கெல்லாம் ஒரு கில்பர்ட் வேணும்!)

2002-ல் அந்தக் காற்றாலை சுத்தி ஒரு சின்ன பல்பு எரிஞ்சது. அப்புறம் வீட்டில் 4 விளக்கும் 2 ரேடியோவும் அதில் ஓடின. 2019-ல் வந்த சினிமாவில் காற்றாலை வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மாதிரி முடிச்சிருப்பாங்க. நிஜத்தில் முதலில் வந்தது வெளிச்சம்தான். தண்ணீர் மோட்டார் பிறகு சூரிய சக்தியில் போட்டார். 2007-ல் தான்சானியா நாட்டில் ஒரு பெரிய மேடையில் ஏறி இந்தக் கதையைச் சொன்னார். உதவி கிடைச்சு மறுபடி பள்ளிக்குப் போனார். 2014-ல் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் வாங்கினார்.

உள்ளே என்ன நடக்குது?

பழைய சைக்கிளில் டயரை உரசிக்கிட்டு சின்னப் புட்டி மாதிரி ஒண்ணு இருக்கும். அதுதான் டைனமோ. தாத்தா சைக்கிள் வீட்டில் இருந்தா பாருங்க. சக்கரம் சுத்தினா டைனமோவுக்குள்ளே காந்தம் சுத்தும். காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். காந்தம் அசையும்போது கம்பியில் மின்சாரம் வரும். நம்ம ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'மின்காந்தத் தூண்டல்'னு மனப்பாடம் பண்றோமே, அதே விஷயம்தான்! வில்லியம் செஞ்சது என்னன்னா, காலால் மிதிக்கிற வேலையைக் காற்றுக்குக் கொடுத்துட்டார்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியா நாகர்கோவில் போனவங்க ராட்சசக் காற்றாலைகளை பஸ் ஜன்னலில் பார்த்திருப்பீங்க. அதுக்கும் வில்லியமின் கம்புக் கோபுரத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான். காற்று றெக்கையைத் தள்ளும், றெக்கை தண்டைச் சுத்தும், அந்தச் சுத்தல் மின்சாரம் ஆகும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இன்னொண்ணு. கூரையில் ஒயர் உரசித் தீப்பொறி வந்தது. உடனே வில்லியம் ஆணி, காந்தம், கம்பிச் சுருள் வெச்சு, ஆபத்துன்னா தானாவே கரண்டை நிறுத்துற சர்க்யூட் பிரேக்கர் ஒண்ணு செஞ்சார். ஒரு பொருளை ஓட வைக்கிறவங்க நிறைய பேர். அது யாரையும் சுட்டுடக் கூடாதேன்னு யோசிக்கிறவங்கதான் இன்ஜினியர். (எச்சரிக்கை: வீட்டு பிளக்கில் வர்றது 230 வோல்ட். அதில் யாரும் சோதனை செய்யக் கூடாது. பேட்டரியும் சின்ன பல்பும் போதும்.)

இன்ஜினியர்னா யாரு?

நம்ம வகுப்பில் கேட்டா "கம்ப்யூட்டர் கம்பெனியில் ஏசி ரூமில் வேலை"ன்னுதான் சொல்றாங்க. அது ஒரு பிரிவு மட்டும்தான். நம்ம ஊரைச் சுத்திப் பாருங்க. ஓடைப் பாலமும் மேல்நிலைத் தொட்டியும் சிவில். நெல் அறுக்கிற மெஷினும் பஸ்ஸும் மெக்கானிக்கல். டிரான்ஸ்ஃபார்மரும் கிணத்து மோட்டாரும் எலக்ட்ரிக்கல். செல்போன் எலக்ட்ரானிக்ஸ். சொட்டுநீர்க் குழாய் போடுறது, அறுத்த நெல்லைக் கெடாம வைக்கிறது வேளாண்மைப் பொறியியல்.

ஒரு உதாரணம் சொல்றேன், யாரும் தப்பா நினைக்காதீங்க. நம்ம பள்ளியில் பெண்கள் கழிப்பறைக் குழாயில் தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வருது. அதனால பல பெண்கள் காலையிலிருந்து தண்ணியே குடிக்கிறதில்லை. இது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசறதில்லை. நான் பாடப் புத்தகத்தைப் பார்த்தேன். திரவத்தின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 9.8 கிலோ பாஸ்கல் கூடும். நம்ம தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேடை என் இடுப்பு உயரம்தான். மேடையை உயர்த்தினா குழாயில் வேகம் வரும்னு எனக்குத் தோணுது. ஒருவேளை குழாயில் அடைப்பாகவும் இருக்கலாம். ரெண்டில் எதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் இன்ஜினியர் வேலை. இந்தக் கஷ்டம் யாருக்குத் தெரியுமோ அவங்கதான் அதைச் சீக்கிரம் யோசிப்பாங்க. பெண்கள் இன்ஜினியர் ஆகணும்னு நான் சொல்றதுக்கு இதுவே முதல் காரணம்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இன்ஜினியரிங்?"

புத்தகத்தில் எனக்கு ஒரே ஒரு குறை. வில்லியமோடு பிறந்தவங்க 6 பேர், ஆறு பேருமே பெண்கள். அவர்களில் ஒருத்தி அந்த லைப்ரரிக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு புத்தகம் சொல்லலை. அந்தக் கேள்விக்குப் பதில் நம்ம சென்னையிலேயே இருக்கு.

1919-ல் சென்னையில் பிறந்தவர் ஏ.லலிதா. 15 வயசில் கல்யாணம். 18 வயசில் கையில் 4 மாதப் பெண் குழந்தை, கணவர் இறந்துட்டார். அந்தக் காலத்தில் இந்த நிலையில் ஒரு பெண்ணை மூலையில் உட்கார வெச்சிடுவாங்க. ஆனா அவர் அப்பா சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். மகளை அங்கேயே எலக்ட்ரிக்கல் படிக்கச் சேர்த்தார். அதுவரை ஆண்கள் மட்டுமே படிச்ச கல்லூரி அது. பிறகு லீலம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா என்ற இரண்டு பெண்களும் சிவில் படிக்கச் சேர்ந்தாங்க. பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சாகியிருந்ததை அடிச்சுட்டு 'அவள்'னு கையால் எழுதிக் கொடுத்தாங்களாம்! அங்கே பட்டம் வாங்கிய லலிதாதான் இந்தியாவின் முதல் பெண் இன்ஜினியர். பக்ரா நங்கல் அணையின் மின் வேலைகளில் அவர் பங்கும் உண்டு. திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

நம்ம கலாம் ஐயா இன்ஜினியரிங் சேர ஃபீஸ் இல்லாதபோது, அவர் அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வெச்சுக் கொடுத்தாங்க. இதை எல்லாரும் மேடையில் பெருமையா சொல்றோம். நான் ஒண்ணு கேட்கிறேன். தம்பிக்காக அக்கா வளையல் கழட்டினாங்க. தங்கச்சி படிக்க ஆசைப்பட்டா அண்ணன்மார்கள் என்ன தருவீங்க?

"படிச்சவங்களே சும்மா இருக்காங்களே?"

இதையும் சொல்லுவாங்க. உண்மைதான். இன்ஜினியரிங் முடிச்சுட்டு வேற வேலைக்குப் போற அண்ணன்களை நானும் பார்க்கிறேன். ஆனா "பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான், நீயும் சேரு"ன்னு சொல்லிச் சேர்த்தா அப்படித்தான் ஆகும். வில்லியமுக்கு முதலில் கேள்வி வந்தது, அப்புறம் கருவி, கடைசியிலதான் பட்டம். நாமும் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கணும். பிடிக்கலைன்னா வேற படிக்கலாம், தப்பே இல்லை. ஆனா என்னன்னு தெரியாமலே 'நமக்கு வராது'ன்னு ஒதுங்கக் கூடாது.

தெரிந்து கொள்வோம்

* பத்தாம் வகுப்பு முடிச்சதும் பாலிடெக்னிக்கில் 3 வருஷ டிப்ளமோ படிக்கலாம். பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.
* பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படிச்சா பி.இ.க்கு விண்ணப்பிக்கலாம். 2007 முதல் தமிழ்நாட்டில் இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. மார்க்கை வெச்சுக் கவுன்சிலிங்.
* 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்குப் பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2021-ல் சட்டம் வந்தது. அப்படிச் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும்னும் அறிவிச்சாங்க.
* உயர்கல்வி சேரும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கும் உண்டு.

அடுத்த வருஷம் நமக்குப் பொதுத் தேர்வு. அது முடிஞ்ச உடனே "எந்த குரூப்?"னு கேட்பாங்க. அன்னைக்கு யோசிக்காம இன்னைக்கே வீட்டில் பேச ஆரம்பிங்க.

ஒரு வேண்டுகோள்

ஆசிரியர்களிடம் பணிவோட ஒண்ணு கேட்கிறேன். வில்லியமுக்குப் பள்ளிக்கூடம் மூடியிருந்தது, லைப்ரரி திறந்திருந்தது. நமக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கு, நூலக பீரோ பூட்டியிருக்கு. புத்தகம் கிழியும், காணாமப் போகும்னு பயப்படுறீங்க, நியாயம்தான். ஆனா யாரும் தொடாம பூட்டியே இருந்தா, அந்தப் புத்தகம் இருந்தும் இல்லாத மாதிரிதானே? மதிய இடைவேளையில் அரை மணி நேரம் மட்டும் திறந்து விடுங்க. யார் எடுத்தாங்க, எப்போ திருப்பித் தந்தாங்கன்னு நோட்டுப் போட்டு எங்க வகுப்புப் பெண்கள் பொறுப்பாப் பார்த்துக்கிறோம். கிழிஞ்சா ஒட்டித் தர்றோம்.

டீச்சர் அனுமதியோட 'காற்றை வசப்படுத்திய சிறுவன்' புத்தகத்தை அந்த பீரோவில் முதல் தட்டில் வைக்கப் போறேன். முதலில் யார் எடுக்கிறீங்கன்னு பார்ப்போம். ஏட்டுச் சுரைக்காயை அப்படியே நறுக்க முடியாது. அதில் இருக்கிற விதையை எடுத்து ஊன்றினா கறிக்கு நிச்சயம் உதவும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு